இரண்டு மேடை, ஒரே ஒப்பந்தம்

சுங்கவரி என்றால் என்ன, தடையற்ற வணிகம் என்றால் என்ன என்று பிளஸ் டூ வணிகவியல் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அஞ்சு மார்க் கேள்வி. நன்மை நான்கு, தீமை நான்கு எழுதினால் போதும். அந்தப் பாடம் ஒருநாள் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை.

என் மகள் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். பல்லடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கோழிப் பண்ணைக்காரரின் பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து இருபத்திரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறாள். திருப்பூரில் ஏற்றுமதி செய்கிறவர்கள் வெட்டிய துணியைக் கொடுப்பார்கள். இவள் டீ சர்ட்டாகத் தைத்துக் கொடுப்பாள். பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. சிங்காநல்லூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் திருச்சி ரோட்டில் போய் வருவாள். ஷெட்டுக்காரருக்குப் பின்பக்கம் இன்னும் மூன்று ஷெட்டில் கோழி இருக்கிறது. மதியம் காற்று திரும்பினால் மெஷின் சத்தத்தோடு கோழி வாடையும் சேர்ந்து வரும் என்பாள்.

அமெரிக்கா வரியை ஏற்றியதும் துணி வருவது குறைந்தது. அப்புறம் நின்றேவிட்டது. உள்ளூர்க் கடைகளுக்கான வேலையில் இருபத்திரண்டில் ஆறு மெஷின் மட்டும் ஓடியது. வரியைப் போடுகிறவர் வாஷிங்டனில் இருக்கிறார், அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். ஆனால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் நம் மாநிலத் தலைவர்கள் எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து வந்துவிட்டது. சிலருக்கு இரண்டு கருத்து.

ஷெட்டுக்காரர் ஒருநாள் இவளிடம், "கண்ணு, பண்ணைக்காரங்க கூட்டம் ஒண்ணு இருக்குது. சேரை நெறப்ப ஆளு வேணும்ங்கறாங்க. வா, பிரியாணி போடறாங்க" என்று கூட்டிப்போனார். அங்கே ஒரு கட்சியின் மாநிலப் பொறுப்பாளர் பேசினார். வர்த்தக ஒப்பந்தம் போட்டால் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளமும் கோழிக்காலும் கப்பலில் வந்து இறங்கும், பல்லடத்துப் பண்ணை ஒன்றுகூட மிஞ்சாது, என் உயிருள்ளவரை அந்த ஒப்பந்தத்தை வர விடமாட்டேன் என்றார். கைதட்டல். அடுத்த வாரம் திருப்பூரில் பின்னலாடைக்காரர்கள் கூட்டம், அதற்கும் இவள் போயிருந்தாள். அதே மனிதர், அதே வெள்ளைச் சட்டை. ஒப்பந்தம் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் தொழிலாளி வயிற்றில் அடிப்பது, கதவுகளைத் திறக்க வேண்டும் என்றார். அங்கேயும் கைதட்டல். இரண்டு கைதட்டலையும் கேட்ட ஒரே ஆள் என் மகளாகத்தான் இருக்கும்.

அவள் மைக்கை வாங்கிக் கேட்டாள். அந்த வீடியோவை நான் பள்ளி ஆசிரியர் அறையில்தான் பார்த்தேன். சக ஆசிரியர் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

"ஐயா, போன வாரம் பல்லடத்துல ஒப்பந்தமே வேண்டாம்னீங்க. இங்க சீக்கிரம் வேணும்ங்கறீங்க. எங்க ஷெட்டுக்குப் பின்னாடியே கோழி ஷெட்டு இருக்குதுங்க. ஒரே டிரான்ஸ்பார்மர்லதான் ரெண்டு பேருக்கும் கரண்டு. எங்க ரெண்டு பேர்ல நீங்க யாரு பக்கமுங்க?"

கூட்டம் சிரித்தது. யாரோ, "பிரியாணி போட்டவங்க பக்கம்!" என்று கத்தினார்கள். மேடையில் இருந்தவரும் சிரித்தார். அவர் சிரித்து முடித்த பிறகு வாயை மூடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அந்த இடத்தை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வீடியோவை ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர்களும் யோக்கியமில்லை. மில்காரர்களிடம் பஞ்சு இறக்குமதி வரியை எடுக்கச் சொல்கிறோம் என்பார்கள், பருத்தி விவசாயிகளிடம் எடுக்க விடமாட்டோம் என்பார்கள். ஆனால் என் மகள் முகம் அவர்களுக்கு அந்த வாரம் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பொறுப்பாளரின் கட்சிக் கரை வேட்டியோடு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மகள் தையல் யூனிட்டுக்குப் போயிருந்தாள். கையில் பழக்கூடை. முன்னால் நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும், நெற்றியில் சந்தனம்.

"ஏனுங்க சார், நல்லா இருக்கறீங்களா? நான் உங்ககிட்டப் படிச்சவனுங்க."

எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்ததுபோல் தலையை ஆட்டினேன்.

"தடையற்ற வணிகத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டீங்க. அந்த ஒரு கேள்வியிலதான் நான் பாஸே ஆனது" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி காபி கொண்டுவந்தாள். அவர் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "என்னத்துக்குங்க அம்மா சிரமம்" என்றார்.

வெயில், மழை, பள்ளி, என் ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்றெல்லாம் பேசினார். கடைசியில்தான், "பாப்பா நல்லாப் பேசுதுங்க" என்றார். "தைரியமுங்க. ஸ்கூட்டர்லதான் தனியாப் போய்ட்டு வருதுங்களா? சூலூர் தாண்டினா லாரி ஜாஸ்திங்க சார். சொல்லி வைங்க. நம்ம பாப்பாவாச்சேன்னு சொல்றனுங்க."

அதில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. எழுதிக் காட்டினால் எந்தப் போலீஸும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் மனத்தாங்கலோடு எழுந்து போகக்கூடாது. தப்பு யார் மேல் இருந்தாலும், "தப்புத்தானுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லித்தான் வழியனுப்புவோம். வேலித் தகராறு, கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிடாதது எல்லாவற்றுக்கும் அதுதான். சொல்கிறவரும் அதை ஒப்புதலாகச் சொல்வதில்லை, கேட்கிறவரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. நான் கைகூப்பி எழுந்து, "சின்னப்புள்ள, பேசிப்போட்டா. தப்புத்தானுங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

பின்னால் நின்றவர் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். அவர்கள் போன பிறகு சொன்னாள்.

"உங்கள யாரு பேசச் சொன்னா? காபி குடிச்சாங்க, அப்படியே போயிருப்பாங்க."

"போயிருக்க மாட்டாங்க" என்றேன்.

"ஆமா, இப்ப மட்டும் வெறுங்கையோட போனாங்களாக்கும்!"

சாயங்காலத்துக்குள் அவர் எடுத்த வீடியோ எல்லோர் போனிலும் இருந்தது. மகளின் கேள்வி பாதி, என் கைகூப்பல் முழுசு. கீழே, தவறான தகவல் பரப்பியதற்கு ஆசிரியர் குடும்பம் வருத்தம் என்று எழுதியிருந்தது.

மகள் வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். உள்ளே வந்ததும் ஒன்றுதான் கேட்டாள். "நான் பொய் சொன்னனாப்பா?"

"இல்ல கண்ணு."

"அப்பப் பொறவு எதுக்கு?"

லாரியைப் பற்றி அவர் சொன்னதைச் சொன்னேன். பழக்கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே குடியிருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஷெட்டுக்காரர் மறுநாள் அவளிடம், "அப்பாவே தப்புன்னு சொல்லிப்போட்டாருல்ல அம்மணி, விட்டுரு. எனக்கும் பண்ணைக்குப் புதுக் குஞ்சு எறக்கற நேரம், வம்பு வேண்டாம்" என்றாராம். மூன்றாம் நாள் அவள் ஒண்டிப்புதூர் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு கார் வந்து கண்ணாடியை இறக்கியது. உள்ளிருந்து ஒருவர், "அப்பா சௌக்கியமுங்களா?" என்று மட்டும் கேட்டார். பச்சை விழுந்ததும் கார் போய்விட்டது. அதை அவள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் கிளம்பிய நேரத்திலிருந்து யூனிட் போய்ச் சேரும் வரை நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் ஒருமுறை, "சார், இந்தப் பாராவை நேத்தே எழுதிப்போட்டீங்க" என்றார்கள்.

அந்த மாதக் கடைசியில் பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழில் சங்கங்கள் சேர்ந்து கலந்துரையாடல் வைத்தன. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மேடையில். எதிரே பின்னலாடைக்காரர்கள் ஒருபக்கம், கோழிப் பண்ணைக்காரர்கள் ஒருபக்கம். மகள் ஒரு தாளில் கேள்வியை எழுதி வைத்திருந்தாள். காலையில் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். ஒப்பந்தத்தில் எதற்குச் சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்று இரண்டு கட்சியும் ஒரே பக்கத்தில் எழுதி, அதை ஒரு வார்த்தை மாற்றாமல் திருப்பூரிலும் பல்லடத்திலும் வாசிப்பீர்களா? அவ்வளவுதான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க எதுக்குப்பா?"

"சும்மா, வண்டியில ஒருத்தருக்கு ரெண்டு பேரா இருக்கட்டும்."

அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். மண்டபத்தில் அவள் முன்வரிசைக்குப் போனாள். நான் நடுவில் ஓரமாக உட்கார்ந்தேன். மேடையில் ஒருவர் கதவைத் திறப்பதைப் பற்றியும் ஒருவர் மூடுவதைப் பற்றியும் பேசினார்கள். எந்தக் கதவு என்று இருவருமே சொல்லவில்லை. அப்புறம் கேள்வி நேரம். மகள் எழுந்து மைக்கை வாங்கி, தாளை விரித்தாள்.

அப்போது மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் என் பக்கம் திரும்பினார். சந்தனப் பொட்டு. முகம் மலர்ந்து, இரண்டு கையும் கூப்பி, "வணக்கமுங்க சார்" என்று உதட்டை அசைத்தார்.

என் கைகள் எழுந்தன. நான் எழுப்பவில்லை. ஒருவர் கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாமல் இருக்க அவற்றுக்குத் தெரியாது. கையை இறக்க நினைப்பதற்குள் மகள் அவரைப் பார்த்து, அவர் பார்க்கும் திசையைப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டாள். கூப்பிய கையோடு.

அவள் தாளை மடித்தாள்.

"அடுத்த குறைதீர் முகாம் எங்கீங்க நடக்கும்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்விம்மா" என்றார் மேடையில் இருந்தவர். இரண்டு கட்சியும் அதற்கு ஒரே பதிலைச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது சூலூரில் அவள் வண்டியை மெதுவாக்கினாள். அப்புறம் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "நான் கேட்டிருந்தா நாளைக்கு மறுபடி ஊட்டுக்கு வருவாங்கப்பா. நீங்க மறுபடி தப்புன்னு சொல்லுவீங்க." ஒரு லாரி எங்களை ஒட்டிக்கொண்டு போனது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். லாரி தன் வழியே போய்விட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போனில் ஒரு ரோஜாப் பூப்படம் வந்தது. காலை வணக்கம் சார் என்று எழுதியிருந்தது. என் எண்ணை நான் அந்தச் சந்தனப் பொட்டுக்காரரிடம் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து தினமும் வருகிறது. பதில் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரியாததால், மகள் ஸ்கூட்டரை வெளியே எடுப்பதற்குள் நானும் வணக்கம் என்று போட்டுவிடுகிறேன்.