கதேரா

அக்கா காவல் பரணிலிருந்து விழுந்தபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினான்கு. முரசுமோட்டையில் எங்கள் வளவுக்குப் பின்னாலேயே வயல். கிளி கலைக்க ஏறியவள், ஏணிப்படி கழன்று கீழே கிடந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஐயா ஊரில் இல்லை. அம்மா அவளை அசைக்க யாரையும் விடவில்லை. சித்தப்பா வண்டிலைக் கட்டிக்கொண்டு போய்க் மாதா கோயில் மருந்துச்சாலையிலிருந்து வெள்ளைக்காரச் சிஸ்டரை அழைத்துவந்தார். ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரிந்த மற்றச் சிஸ்டர் அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார்.

சிஸ்டர் குனிந்து அக்காவைத் தொட்டுப் பார்த்தார். பதறிப்போய், "கதேரா! கதேரா!" என்றார்.

"கதிரை கேக்கிறா. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை!" என்றார் அம்மா.

சாய்ந்து உட்கார வீட்டிலிருந்த ஒரே கதிரையை இழுத்துக்கொண்டு ஓடினேன். அதைக் கண்டதும் சிஸ்டர் இரண்டு கைகளையும் வீசி, "சீயா நோ! கதேரா!" என்று கத்தினார். எங்கள் கதிரையைப் பார்த்துச் 'சீ' என்கிறார் என்று நினைத்தேன்.

சித்தப்பாவுக்கு 'நோ' மட்டும் விளங்கியது.

"தனக்கு வேண்டாமாம், அண்ணி. பிள்ளையை இருத்தச் சொல்லுறா."

சொல்லிக்கொண்டே அக்காவைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போய்க் குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான் கொண்டுபோன கதிரைதான் அவளைக் கொல்லுகிறது என்று நம்பினேன். அழுகை கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து வந்த அக்காவுக்கு ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. சித்தப்பா நாள்தோறும் அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப்போனார்.

ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு, கதிரைக்குச் சொல் 'சீயா' என்பதைப் பல வருடங்களுக்குப் பின், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் அறிந்தேன். சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"என்ர இடுப்பில கை வைச்சுத்தானேயடி அவா சொன்னவா. எனக்கு அப்பவே விளங்கினது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீ?"

"அவர் தூக்கேக்க நோவில வாயில சொல் வரேல்ல. பிறகு சொல்லி, தான் தூக்கி இருத்தினதாலதான் கால் இப்பிடிப் போனதெண்டு தெரிஞ்சிருந்தால் சித்தப்பா தாங்கியிருப்பாரே?"

அந்த வருடம் முழுக்க நான் ஒரு கதிரைக்குப் பயந்துகொண்டிருந்தேன். அதே வீட்டில், சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.