கிணற்றுக்குப் போட்ட பூட்டு

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடியிருந்தால் வாயே திறக்க மாட்டேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ராமநாதபுரத்தில், கோடை தொடங்கிய சமயம். அங்கே ஒரு பழைய வீட்டில் காபி கடை நடத்துகிறேன். கடல் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பம் நூறு வருடங்களுக்கு முன்பு கட்டிய வீடு. தேக்குத் தூண்கள், கலர் கண்ணாடி ஜன்னல்கள், நடுவே முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. வாரிசுகள் சென்னையில் இருப்பதால் எனக்கு வாடகைக்கு விட்டார்கள். முன்பக்கம் கடை. பின்கட்டில் விசேஷங்களுக்கு ஆர்டர் எடுத்துச் சமைத்து அனுப்புகிறோம்.

அந்தத் தெருவில் மற்ற கிணறுகள் எல்லாம் உப்பு. இந்த ஒன்றில்தான் நல்ல தண்ணீர். அதனால் தெருப் பெண்கள் காலையில் பக்கவாசல் வழியாகக் குடத்தோடு வருவார்கள். அந்த வீட்டார் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். நானும் முதல் வருடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி குடிக்க வருகிறவர்கள் முற்றத்தைப் படம் எடுக்கும்போது, "எங்க கொடத்தையும் சேத்து எடுங்கப்பா, நாங்க காசு கேக்க மாட்டோம்" என்று அந்தப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ஈரத் தரையில் வாடிக்கையாளர் ஒருவர் வழுக்கி விழுந்து முழங்கையில் அடிபட்டது. கடையைப் பற்றி இன்டர்நெட்டில் மோசமாக எழுதிவிட்டார். அந்த வாரமே கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி செய்து பூட்டுப் போட்டேன். காலையில் காபிக்கு மட்டும் நாலு குடம் இறைத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிடுவோம். தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு வராது. பூட்டே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

"கெணத்த ஜெயில்ல போட்டாச்சா? எப்ப ஜாமீன்?" என்று ஒரு பெண் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தார். தெருவில் எல்லோரும் அக்கா என்கிற அர்த்தத்தில் லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். அவருடைய கணவர் சவுதியில் பல வருடம் வேலை பார்த்து, உடம்பு கெட்டுத் திரும்பி வந்து படுக்கையில் இருந்தார். "தங்கச்சி, அவுகளுக்கு வேற தண்ணி எறங்க மாட்டேங்குது. ஒரு கொடம் மட்டும் எடுத்துக்கிறேன்" என்று கேட்டார். "பாக்குறேன் லாத்தா" என்றேன். பார்க்கவில்லை. அதன்பிறகு அவர் நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை.

கல்லாவில் இருக்கும் அண்ணன் ஒருமுறை அவருக்குத் திறந்துவிட்டார். நான் கோபித்துச் சத்தம் போடவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு, "கெணத்து விஷயமா யாரு வந்தாலும் சாவி அக்காகிட்ட இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். சாவி எப்போதும் கல்லாப் பெட்டியில்தான் கிடக்கும்.

அன்று பாம்பனில் ஒருவர் புதுப் படகு இறக்கினார். மதியச் சாப்பாடு எங்கள் ஆர்டர். விடிந்ததுமே பாத்திரங்களோடு கிளம்பிவிட்டேன். ஒன்பது மணி வாக்கில் லாத்தா நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி மூன்று முறை வந்தது. சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மதியப் பந்திக்கான வேலையைப் பார்க்கப் போனேன். மீன் குழம்பு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் திரும்பினேன்.

நாலு மணிக்குத் தெருவில் இறங்கியபோது லாத்தா வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. கடைக்குள் போனதும் கல்லா அண்ணன் எழுந்து நின்றார்.

"லாத்தா வீட்டுக்காரரு காலையில எறந்துட்டாருக்கா. குளிப்பாட்டத் தண்ணி வேணும்னு அவுக ஆளுக வந்தாக. இந்தத் தெருவுல யாரு மவுத்தானாலும் இந்தக் கெணத்துத் தண்ணிதானாம்."

"குடுத்தீங்களா?"

"சாவி அக்காகிட்ட இருக்குன்னேன். ஒங்களுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். எடுக்கல. போன தடவ தெறந்துவிட்டதுக்கே எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல நீங்க."

சாவி இருந்த பெட்டி அவர் கைக்குக் கீழே இருந்தது. பதினொரு மணி வரை காத்திருந்தார்களாம். அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று தள்ளுவண்டிக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குளிப்பாட்டி, மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள்.

லாத்தா வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருந்தது. இருந்தும் போனேன். உள்ளறையில் பெண்களுக்கு நடுவே லாத்தா உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியோடு நின்றுவிட்டேன். ஒரு பெண் என்னைப் பார்த்து, "அவுக வாப்பாவுக்கு அந்தத் தண்ணி, உம்மாவுக்கு அந்தத் தண்ணி. இவுகளுக்குத்தான் இல்லாமப் போச்சு" என்றாள்.

லாத்தா நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, சாவியக் கையோட பாம்பனுக்குக் கொண்டு போயிட்டியா?"

அவர் கேட்டதில் கோபம் இல்லை. கல்லாவில்தான் இருந்தது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆமா லாத்தா. பையில இருந்துச்சு."

அவர் மற்ற பெண்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீகளா. அவ இங்கன இருந்திருந்தா தெறந்துவிட்டிருப்பான்னு நான் சொன்னேன்ல. கேக்கலயே நீங்க." என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

நடந்தது என்னவென்று கல்லா அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போன் எடுக்காததற்கு வேலை இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன், பூட்டுப் போட்டதற்கு ஈரத் தரை. அந்தப் பொய்க்குச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவள், யாருக்கும் தீங்கு நினைக்கத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது.

அடக்கத்துக்கு மறுநாள் காலையில் ஆள் வைத்துக் கம்பி மூடியைக் கழற்றினேன். ஏழு மணிக்குப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். லாத்தாவின் மகள் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.