வெளியில் நின்று கண்ட பூசை

ஸெனோன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அவரைக் கோவிலுக்குள் பார்த்தவர்களும் எங்கள் லிபோவ்காவில் கிடையாது. வெளிச்சுவரை ஒட்டி, ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பார். நிற்பார் என்று சொல்வதே அதிகம். காலை மாற்றி மாற்றி வைப்பார், தொப்பியைப் பிழிந்துகொண்டே இருப்பார், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

ஆண்கள் வெளியில் நிற்பது எங்கள் ஊரில் புதிதல்ல. பெண்கள் உள்ளே ஜெபிக்க, பாதி ஆண்கள் வெளியே ஆப்பிள் விலை பேசிப் புகைவிடுவார்கள். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணி ஒலிபெருக்கியில் கேட்டதும் சிகரெட்டை எறிந்துவிட்டு, கைக்குட்டையைச் சரளைக்கல்லில் விரித்து அதன்மேல் ஒற்றை முழங்காலைப் போடுவார்கள். பக்தியும் இருக்க வேண்டும், கால்சட்டையும் அழுக்காகக் கூடாது. ஸெனோன் மட்டும் கைக்குட்டை விரிப்பதில்லை. இரண்டு முழங்காலையும் கல்லிலேயே போடுவார். விலையும் பேசமாட்டார், புகையும் பிடிக்கமாட்டார். பிறகு எதற்கு வெளியே நிற்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

மனைவி லுட்வினாவுக்கு அது மனக்குறை. முன்வரிசையில் உட்கார்ந்து பூசை காண்பவள் அவள்.

"நான் மட்டும் மோட்சத்துக்குப் போய் அங்க யாருக்குய்யா சூப்பு வைக்கப்போறேன்?" என்பாள்.

"அங்கயும் வாசல்ல நிப்பேன். ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொண்டா."

சிரித்துச் சமாளித்துவிடுவாரே தவிர, உள்ளுக்குள் அது அரித்துக்கொண்டேதான் இருந்தது.

புதுப் பங்குச்சாமி வந்ததும் அரிப்பு புண்ணாயிற்று. இளைஞர், சூடான ஆள். இலையுதிர்காலம் தொடங்கியதும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார். பீடத்திலிருந்தே காரணமும் சொன்னார்: "பூசை உள்ள நடக்குது. வெளியில நிக்கிறவன் பூசை கண்டவனே இல்ல. ஸ்டேஷன்ல நின்னவன் ரயில்ல போனதா ஆகுமா?"

வெளியே நின்றவர்களில் சிலர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்கள். மற்றவர்கள் கடைப்பக்கம் நடையைக் கட்டினார்கள். சுவரோரம் மிஞ்சியவர் ஸெனோன் ஒருவர்தான். இப்போது மணி கேட்பதில்லை. ஆர்கன் ஓய்வதை வைத்து, இதுவாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக முழங்காலில் விழுவார். சரியான நேரத்தில் விழுந்தோமா? இல்லையென்றால் இது கணக்கில் சேருமா? இத்தனை வருஷமும் சேரவில்லையா? தோட்டத்தில் ஏணிமேல் நிற்கும்போதும் அதே கேள்விதான். பழுக்காத பழத்தைப் பறித்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்து அக்காள் மகள் கிங்கா வந்து நின்றாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. அப்பன் விட்டுப்போன அவளை வளர்த்து ஆளாக்கியவர் ஸெனோன்தான்.

"மாமா, இவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். ஞானத்தகப்பன் நீதான்."

எங்கள் பக்கம் இதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் கேட்டவரை மறுத்ததாக ஆகாது, குழந்தையையே மறுத்ததாக ஆகிவிடும். "சரிம்மா" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

பங்குச்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தைக் கத்துக்குடுக்க வேண்டியவர் நீங்க. உங்களை நான் உள்ள பார்த்ததே இல்லையே. பூசை முழுக்க முன்னாடி நிப்பீங்களா? முடியாதுன்னா இப்பவே வேற ஆளைத் தேடச் சொல்லுங்க."

"நிப்பேன், சாமி."

சனிக்கிழமை சாயங்காலம் லுட்வினா அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் கசகசா கேக் வெந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்து, கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முந்தி, உருளைக்கிழங்கு போடுற நிலவறை இடிஞ்சு என்மேல விழுந்துச்சு. எடுக்கிறவரைக்கும் இருட்டுக்குள்ள கெடந்தேன். அதுலருந்து கூட்டத்துக்கு நடுவுல கதவை மூடிட்டா எனக்கு மூச்சு நின்னுபோகுது, லுட்வினா."

கல்யாணத்தன்று சட்டை நனைய வியர்த்து நின்றவரைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று ஊரே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு சாக்கா? கடவுள் வீட்டுல என்னய்யா பயம்?"

"அதான் எனக்கும் தெரியல."

அவர் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் நல்ல குளிர். சடங்கு வாசலில்தான் தொடங்கியது. பங்குச்சாமி வெளியே வந்து குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டார். ஸெனோனும் தன் முரட்டு விரலால் போட்டார். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு எல்லோரும் உள்ளே போய் முன்வரிசையில் நின்றார்கள். பின்னால் ஊர் நெருக்கிக்கொண்டு நின்றது. குழந்தைக்குக் குளிரும் என்று, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை தியோஃபில் பெரிய கதவை இழுத்துச் சாத்தினான். தாழ் விழுந்த சத்தம் ஸெனோனின் முதுகில் விழுந்தது.

பிரசங்கம் தொடங்கியது. ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று தன்னைக் கெஞ்சினார். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த லுட்வினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வாய் மீனைப்போலத் திறந்து திறந்து மூடியது. இது சாக்கு இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி மனுஷன், இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தானே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

எல்லோரும் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நிற்க நகர்ந்தபோது அவர் மறுபக்கம் திரும்பினார். ஆட்களைத் தள்ளிக்கொண்டு, தாழை நீக்கி, கதவைத் திறந்தபடியே விட்டு, வெளியே போய்விட்டார். கோவிலே திரும்பிப் பார்த்தது. "முடியாதவன் எதுக்கு ஒத்துக்கணும்?" என்றது ஒரு குரல். கிங்காவின் முகம் செத்துவிட்டது.

பங்குச்சாமி உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "சர்வ வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறீர்களா?"

"விசுவசிக்கிறேன்" என்று கிங்கா சொன்னாள், அவள் புருஷன் சொன்னான், ஞானத்தாய் சொன்னாள். பங்குச்சாமி காலியாக இருந்த நான்காவது இடத்தைப் பார்த்தார்.

"விசுவசிக்கிறேன்!"

முற்றத்திலிருந்து வந்தது. சந்தையில் கூவுகிற மாதிரி, தொண்டை கிழிய. யாரோ சிரித்தார்கள். தியோஃபில் மானம் போகிறதே என்று கதவைச் சாத்த ஓடினான். அங்கே லுட்வினா ஏற்கெனவே நின்றிருந்தாள், கதவில் முதுகைக் கொடுத்து.

"நகரு, லுட்வினா. பிள்ளைக்குக் குளிருது."

"பிள்ளையை நல்லாப் போத்தச் சொல்லு. கதவை மூடக் கூடாது."

"பூசை நேரத்துல என்ன கூத்து இது?"

"பூசை நேரம்தான்" என்றாள், பீடம்வரை கேட்கும்படி. "என் வீட்டுக்காரர் பூசை கண்டுக்கிட்டு இருக்காரு."

காற்று உள்ளே புகுந்து மெழுகுவத்திகளில் பாதியை அணைத்தது. பங்குச்சாமி கதவைப் பார்த்தார், கிங்காவைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கமாகத் திரும்பி, முற்றம்வரை எட்டுகிற குரலில் அடுத்த கேள்வியைக் கேட்டார்.