பதினான்கு நாள் ரப்பர்க் குழாய்

எனக்கு வாய் அதிகம். புதுக்கோட்டையில் ஒரு சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வருஷங்களில் இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. போட்டு அதட்டினால்தான் நோயாளி சொன்னதைக் கேட்பாள் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் போயிற்று.

அப்போது யுத்த காலம். நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை அவளுடைய ஆத்தா அழைத்து வந்திருந்தாள். பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலி, குழந்தை செத்தே பிறந்தது. பத்து நாள் கழித்து அவள் அறியாமலே சிறுநீர் ஒழுக ஆரம்பித்திருக்கிறது. மூன்று வருஷமாக நிற்கவில்லை. உட்கார்ந்தாலும் ஒழுகும், படுத்தாலும் ஒழுகும். ஈரத்துணி கட்டிக் கட்டித் தொடையெல்லாம் வெந்து புண்ணாகியிருந்தது. புருஷன் வீட்டில் முதலில் மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்தார்களாம். பிறகு நாற்றம் தாங்கவில்லை என்று தாய்வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாமி குத்தமோ என்று ஆத்தா கேட்டபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "சாமி ஒண்ணும் செய்யலம்மா. புள்ளையோட தலை இடுப்பு எலும்புல மாட்டிக்கிட்டு மூணு நாள் அங்கயே நின்னுருச்சு. மூத்திரப் பைக்கும் புள்ளை வர்ற வழிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சதை. அது நசுங்கி, ரத்தம் ஓடாம செத்துப்போச்சு. பத்து நாள்ல கழண்டு விழுந்துச்சு. அந்த ஓட்டை வழியாத்தான் ஒழுகுது. மொத நாளே இங்கிட்டு தூக்கியாந்திருந்தா இது வந்தே இருக்காது."

முதல் ஆபரேஷன் சித்திரையில் நடந்தது. எட்டாம் நாள் காலையில் படுக்கை நனைந்து கிடந்தது. தையல் பிரிந்துவிட்டது. "பொரண்டு படுக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல வாங்குனியாடி?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் புண் ஆறியதும் ஊருக்குப் போய்விட்டாள்.

நான்கைந்து மாதம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "இதுவும் பிரிஞ்சா மறுபடி தைக்க நல்ல சதை மிச்சம் இல்ல. ஆயுசுக்கும் இப்படியேதான்."

ஓட்டை புளியங்கொட்டை அளவுதான். ஓரங்களைப் புதிதாகச் சீவி, சேர்த்துத் தைத்தாயிற்று. இனி எல்லாம் குழாயின் கையில் இருந்தது. சிறுநீர் வரும் வழியாக ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலில் விடுவோம். இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூத்திரப் பை காலியாகவே கிடந்தால்தான் தையல் கூடும். குழாய் அடைத்துப் பை நிறைந்தால் தையல் விண்டுவிடும். பதினான்கு நாள். குழாய் அடைக்காமல் இருக்க அவள் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நான் சொம்பை நிரப்பி வைப்பேன், ஆத்தா கொடுப்பாள், காலியானதும் அட்டையில் எழுதுவேன். அந்த அட்டையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை. திருமயத்தில் ஒரு கஷ்டமான பிரசவம் என்று டாக்டரம்மா காரில் போயிருந்தார். திரும்பச் சாயங்காலம் ஆகும். மத்தியானம் இரண்டு மணிக்குக் குனிந்து பார்த்தேன். குழாயின் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை. நூறு எண்ணினேன். அப்போதும் விழவில்லை.

குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மடங்கவில்லை. பாட்டிலில் இருந்தது கஷாய நிறத்தில் கொஞ்சூண்டு. காலையிலேயே அதைப் பார்த்தேன். வெயில் காய்கிறது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அவளுடைய அடிவயிற்றில் கை வைத்தேன். லேசாக மேடு தட்டியது. பை நிறைய ஆரம்பித்துவிட்டது.

"காலையிலேர்ந்து எத்தனை டம்ளர் குடிச்ச?"

அவள் ஆத்தாவைப் பார்த்தாள். அட்டையில் ஏழு என்று என் கையெழுத்தில் இருந்தது.

"ரெண்டு மடக்கு, நர்ஸம்மா."

"அப்ப சொம்புத் தண்ணியெல்லாம்?"

"நாந்தேன் சன்னலுக்கு அங்கிட்டு ஊத்திட்டேன்," என்றாள் ஆத்தா. "கோவிச்சுக்காதீங்க. பச்சைப் புண்ணு. தண்ணி குடிச்சா அது மேலதான எறங்கும்? நனைஞ்சா சீப்பிடிச்சுராதா? புள்ளை பெத்தவளுக்கே நாங்க தண்ணி குடுக்க மாட்டோமே. வாயத்தான் நனைச்சு விடுவோம்."

இது எனக்குத் தெரியாத சங்கதியா? என் அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது, தாகம் தாகம் என்று அழுதவளுக்கு எங்கள் வீட்டிலும் குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில்தான் அளந்து கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். குடி, குடி என்று நூறு தடவை அதட்டிய நான், எதற்குக் குடிக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"மொதத் தடவையும் இப்படித்தானா?"

"ஆமா. அப்பவும் பத்தியமாத்தேன் பாத்துக்கிட்டேன்."

அப்படியானால் அன்றும் குழாய் அடைத்துத்தான் தையல் விட்டிருக்கிறது. அவள் புரளவே இல்லை. அன்றைக்கு நான் கத்தியதை முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படக்கூட நேரமில்லை.

குழாயை உருவி வேறு போடலாம். யுத்தத்தில் ரப்பர் கிடைக்காத காலம்; இருந்த இன்னொன்று அவித்து அவித்து விறைத்துப் போயிருந்தது, அதன் முனை தையலைக் கிழித்துவிடும். சாயங்காலம் வரை காத்திருந்தால் பை நிறைந்துவிடும். புண் கழுவும் போரிக் தண்ணீரைக் குழாய்க்குள் பீச்சி அடைப்பை எடுக்கலாம். அழுத்தம் துளி கூடினாலும் தையல் போய்விடும். டாக்டரம்மா செய்து பார்த்திருக்கிறேன். நானாகச் செய்ததில்லை.

போரிக் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் கண்ணாடிச் சிரிஞ்சில் எடுத்தேன். பதற்றத்தோடு தொடக் கூடாது என்று ஜன்னலோரம் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். பிறகு மெதுவாகத் தள்ளினேன். போகவில்லை. பின்னால் இழுத்தேன். மறுபடியும் தள்ளினேன்.

"நர்ஸம்மா, உள்ள நெறயுற மாதிரி இருக்கு."

நிறுத்தினேன். மூன்றாம் தடவை இழுத்தபோது, மணல் மாதிரி நறநறவென்று ஒரு கட்டி, அதோடு நூலாட்டம் கொஞ்சம் ரத்தம், சிரிஞ்சுக்குள் வந்து விழுந்தது. குழாயின் நுனியைப் பாட்டிலில் விட்டேன். ஒரு சொட்டு. இன்னொன்று. அப்புறம் தாரையாக இறங்கியது. அவளுக்கு அடியில் இருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஓர் அணா அளவுக்கு ஈரம். நான் சிந்திய போரிக் தண்ணீரா, தையல் விட்டுவிட்டதா, தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா துணியைப் பார்த்தார், சிரிஞ்சில் வந்த கட்டியைப் பார்த்தார். "பதினாலாம் நாள்தான் தெரியும்," என்றார். ஆத்தாவிடம் நானே போய்த் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா மண்ணு தங்காது. தண்ணி நின்னா தூர்ந்து ஒடைச்சுக்கிரும். அதுக்குத்தான் ஆத்தா குடிக்கச் சொல்றேன்." வயக்காட்டில் வேலை செய்தவளுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு மகளை விரட்டி விரட்டிக் குடிக்க வைத்தாள். எட்டு நாளும் நான் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அதன் பிறகு நனையவில்லை. ஆனால் குழாய் இருக்கும்வரை அதை நம்ப முடியாது.

பதினான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் குழாயை எடுத்தோம். எட்டு மணிக்குத் துணி காய்ந்திருந்தது. ஒன்பது மணிக்கும் காய்ந்திருந்தது. பத்து மணி சுமாருக்கு அவள் அலறினாள்.

ஓடினேன். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் வெளிறிக் கிடந்தாள். "உள்ள என்னமோ முட்டுது நர்ஸம்மா. தையல் பிரியுது. எனக்குத் தெரியுது, பிரியுது." ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். இதோடு எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா வந்து துணியை விலக்கிப் பார்த்தார். சொட்டு ஈரமில்லை. வயிற்றை மெல்ல அழுத்தினார். அவள் முகம் கோணியது. அவர் சிரித்துவிட்டார்.

"ஒண்ணும் பிரியலடி. ஒனக்கு ஒண்ணுக்கு வருது, அவ்வளவுதான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று வருஷத்தில் அந்த உணர்ச்சியே அவளுக்கு மறந்து போயிருந்தது. நான் அழுதுகொண்டே பெட்பேனை எடுத்து நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த இருங்க, நர்ஸம்மா. அடக்கிப் பாக்குறேன்."

கூடாது. தையல் பச்சையாக இருக்கிறது, உடனே போக வேண்டும். என்ன செய்வது என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார்.