புகைப்படமாக நடித்த மாலை

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடப் பொங்கலுக்கு, நாங்கள் குடியிருந்த மராத்தி ஊரான பிம்ப்ரியில் எங்கள் தமிழ்ச் சங்க இளைஞர்கள் போட்ட நாடகத்தில் எனக்கு வசனமே இல்லாத வேடம். என் தமிழ் அவ்வளவு லட்சணம். நாடகத்தை இயக்கிய வங்கிக்கார அண்ணன் என்னைச் செத்துப்போன பெரியவரின் படமாக்கிவிட்டார். அட்டைச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு மரச்சட்டம் மாட்டியிருந்தார்கள். அதன் பின்னால் ஸ்டூலில், கழுத்தில் சாமந்தி மாலையோடு அசையாமல் உட்கார வேண்டும். முன்னால் பிள்ளைகள் வீட்டைப் பங்கு போடச் சண்டையிடுவார்கள். படம் அவ்வப்போது முறைக்கும்.

மற்றவர்கள் தமிழ் மட்டும் என்ன வாழ்ந்தது? பாதிப் பேர் வசனத்தைத் தேவநாகரியில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். மூத்த மகனாக நடித்தவன் என்னைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அப்பா இறங்கிட்டாரே!" என்று அலறினான். 'இறந்துட்டாரே' என்பதுதான் வசனம். முன்வரிசையிலிருந்து ஒருவர், "எந்த ஸ்டாப்புல?" என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கியதில் உடம்பு குலுங்கி, மூக்குக்கண்ணாடி நுனிமூக்குக்கு வழுக்கியது.

அந்தக் கண்ணாடி அப்பாவுடையது. சட்டையும் அவருடையதுதான். மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பள்ளி முடிக்கும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். வேடத்துக்குப் பொருந்தும் என்று பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. தலையில் பவுடர் தட்டி, மையால் மீசையும் வரைந்துவிட்டிருந்தார்கள்.

சிரிப்பு அடங்கும் நேரத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கண்ணாடிய ஏத்தி விட்டுக்கோங்க. விழுந்துடப் போவுது."

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என்னை 'டா' போட்டுத்தான் பேசுவாள். அந்த 'ங்க' அப்பாவுக்கானது. படம் அசையக்கூடாது என்பதை மறந்து, கையை உயர்த்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பலத்த கைதட்டல். அம்மா தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

"இப்ப அழிக்காதடா. வீட்டுக்குப் போற வரைக்கும் இருக்கட்டும்."

ரிக்‌ஷாவில் ஏறினோம். தெருவிளக்கு வெளிச்சம் விழும்போதெல்லாம் அவள் ஓரக்கண்ணால் பார்ப்பது தெரிந்தது. மேடையில்கூட நான் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருக்கவில்லை.

வீட்டில் காபி போட்டு என் முன்னால் வைத்தாள். சர்க்கரை இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நான் அப்படியே குடித்தேன்.

"கீழ்வீட்டுக்காரங்க கோந்த்வாவுக்குக் குடிபோயிட்டாங்க," என்றாள் எதிரில் உட்கார்ந்து. "போன மாசம்."

அவர்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றிவிட்டதே நான்தான். "அப்படியா?" என்றேன். அப்பா கேட்கிற மாதிரியே வந்துவிட்டது. வேண்டுமென்று செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா காலி டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தினாள். பிறகு எழுந்து, "சரி, போய் மூஞ்சியக் கழுவுடா," என்றாள்.

மை லேசில் போகவில்லை. நான் வெளியே வந்தபோது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா படுத்திருந்தாள். அடுத்த மாதம் பக்கத்து ஊரான தளேகாவில் அதே நாடகத்தைப் போட வங்கிக்கார அண்ணன் கூப்பிட்டார். பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.