சும்மா கொடுத்த சாக்கெட்

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் குழாய் விற்பவர். பசை காய்ந்து நகமெல்லாம் வெளுத்திருக்கும். எந்தக் குழாயை அறுப்பதற்கு முன்னும் அதன் வாயில் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

என் மிளகாய்த் தோட்டத்துக்குப் பெரிய பம்பு வாங்கியிருப்பதைச் சொல்லி, ஒரு இன்ச் பிவிசி குழாய் கேட்டேன். விரலை விட்டுப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் அறுத்துக் கொடுத்தார். பையில் குழாய்த் துண்டுகளை இணைக்கும் இரண்டு சாக்கெட்டும் ஒரு பசை டின்னும் சும்மா போட்டார். நல்ல மனுஷன் என்று வீட்டில் சொன்னேன்.

மறு வாரமே, வால்வை மூடியதும் குழாய் துள்ளி வெடித்தது. பம்பை நிறுத்த நான் ஓடுவதற்குள், பூவும் பிஞ்சுமாக நின்ற ஒரு பாத்தி வேரோடு போயிற்று. நேராகக் கடைக்குப் போனேன்.

"உடையும்னு தெரிஞ்சுதானே வித்தீங்க அண்ணே?"

"தெரியும் தம்பி. இந்தச் சின்ன பைப்புல அவ்வளவு வேகமா தண்ணி ஓடக்கூடாது. டக்குனு மூடினா அடிச்சுக் கிழிச்சிரும்."

"சொல்லியிருக்கலாம்லா!"

"ரெண்டு இன்ச் வாங்குங்கன்னு சொன்னா, காசு புடுங்குறான்னு பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க. அதான் உடைஞ்சா ஒட்டிக்கட்டும்னு சாக்கெட் போட்டுக் கொடுக்குறேன். பையில பாக்கலையா?"

அந்தக் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றார். அவர் கேட்ட குழாயிலும் கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் பையிலும் இரண்டு சாக்கெட் விழுந்தன.

"நல்ல மனுஷன்லா இவரு" என்றார் அந்த ஆள், என்னிடம்.