வாசல் பலகையில் இருப்பவள்

நர்ஸிங் கல்லூரி வாசலில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. ‘இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு.’ எழுத்துக்குக் கீழே வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், கிழவர் ஒருவரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

முன்பு அவளுக்கு அந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தக்கறை படிந்த விரிப்புகளை அலச வேண்டும். புருஷன் மூட்டை தூக்கி முதுகு போய்ப் படுத்துவிட்டான். பாதியில் படிப்பை விட்டவர்களையும் சேர்த்துக்கொள்வோம் என்று கல்லூரி அறிவித்தபோது, வயது வரம்பின் விளிம்பில் நின்று உள்ளே புகுந்தாள்.

“போம்மா. ஆனா திரும்பி வந்தா இடம் காலியா இருக்காது,” என்றார் சலவைக்கூட மேஸ்திரி.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் அவளுக்கு மகளாகும் வயது. ‘சலவைக்கா’ என்று பெயர் வைத்தார்கள். “சலவைக்கா, என் கோட்டையும் ஒரு கை பாருங்களேன்!” அவளும் சிரித்தாள். இரண்டொரு முறை துவைத்தும் கொடுத்தாள்.

இப்படிச் சேர்க்கும் திட்டத்துக்குப் பண உதவி செய்கிறவர்கள் அடிக்கடி பார்வையிட வருவார்கள். யார் வந்தாலும் ப்யூன் வார்டுக்கு வந்து அவளைத்தான் கூப்பிடுவான். கைகுலுக்கல், படம், தேநீர். திரும்பும்போது வார்டு வேலை முடிந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அழகாகத் தெரியும்படி பட்டை கட்டக் கற்றுக்கொண்டாள். குழாயைக் காதில் மாட்டிக் காற்றை இறக்கும்போது சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்பதுதான் பிடிபடவில்லை. தினம் நாலு பேருக்குப் பார்த்தால் வந்துவிடும் என்றார் வார்டு சிஸ்டர். ஒருமுறை லேசாக ஏதோ கேட்டது.

“அக்கா, மேடம் கூப்பிடுறாங்க.”

ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. புருஷன் படுக்கையிலிருந்தபடி சொன்னான்: “துணிக்கடை பொம்மைக்குத் தினம் புதுச் சேலைதான். வீட்டுக்குக் கட்டிட்டுப் போக விடுவாங்களா?”

“உங்க வாய்ல நல்லதே வராதா?”

வருடக் கடைசியில், பரீட்சை எழுத முடியாது என்றார்கள். வார்டில் இருந்த நேரம் போதவில்லை. அடுத்த வருடம் சேரலாமென்றால் வயது தாண்டிவிட்டது.

“நீங்கதானே மேடம் கூப்பிட்டீங்க?”

முதல்வர் உண்மையிலேயே வருந்தினார். “டூட்டி இருக்குன்னு நீ சொல்லியிருக்கலாமேம்மா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

சலவைக்கூடத்துக்குப் போனாள். அவளுடைய தொட்டியில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே.”

மறுநாள் மறுபடியும் முதல்வர் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. மதியம் ப்யூன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. ஆளுங்க வந்திருக்காங்க. யூனிஃபார்ம் இருக்கா?”

பையில் இருந்தது. போட்டுக்கொண்டாள். சொன்னதைக் கேட்டால் மனசு இரங்குவார்கள் என்று ஒரு நப்பாசை.

வந்தவர் நல்ல மனிதர். தானே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். “எனக்குத்தான் பாருங்களேன்.”

கட்டினாள். காற்றை ஏற்றி இறக்கினாள். கேமரா மின்னியது. குழாயில் ஒன்றுமே கேட்கவில்லை.

“எவ்வளவும்மா?”

“எனக்குப் பார்க்கத் தெரியாதுங்க.”

“எப்பவுமே இப்படித்தான். ரொம்பக் கூச்சம்,” என்றார் முதல்வர்.

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவரும் சிரித்தபடி கையை எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“இன்னொரு தடவை பாக்குறேங்க. அசையாம இருங்க.”

மறுபடி காற்றை ஏற்றினாள்.

“போதும்க்கா, படம் எடுத்தாச்சு,” என்றான் ப்யூன்.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.